பழுப்பு உறையைப் பிரித்தால் பிள்ளைக்கு வில்லங்கம்!

சீனத் தத்துக் குழந்தையோடு அமெரிக்கா திரும்பியவர்கள் பட்ட பாடு

பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாலே தாய்க்குப் பாதி உயிர் போய்விடும். இரண்டு வாரத்துக்கு முன்பு முகம்கூடப் பார்த்திராத பிள்ளையோடு, அதன் பாஷையும் தெரியாமல், ஏறத்தாழ 13 மணி நேரம் விமானத்தில் பறப்பது என்றால்?

ஆயிரக்கணக்கான அமெரிக்கத் தம்பதிகள் அப்படித்தான் பறந்தார்கள். சீனாவில் இருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போன பிள்ளைகள் 82 ஆயிரத்துக்கும் மேல்! பெரும்பாலும் பெண் குழந்தைகள்.

"வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும்" என்று 1980-ல் சீன அரசு கண்டிப்புக் காட்டியது. ஆண் வாரிசு ஆசையும் சேர்ந்துகொண்டது. பிறந்த பெண் சிசுக்களைச் சந்தையிலும் அனாதை இல்ல வாசலிலும் போட்டுவிட்டுப் போனார்கள். 1992-ல் தத்துச் சட்டம் அமலுக்கு வந்ததும் வெளிநாட்டுத் தம்பதிகள் வரத் தொடங்கினார்கள்.

வெள்ளை நாரை

பிள்ளை எந்த மாகாணத்தில் கிடைத்தாலும் சரி, கடைசியில் குவாங்சோ நகரத்துக்கு வந்தே ஆக வேண்டும். அமெரிக்காவுக்கான தத்து விசா அங்கே உள்ள துணைத் தூதரகத்தில் மட்டும்தான்.

அந்த நகரில் முத்து ஆற்றங்கரையில் ஷாமியன் என்று ஒரு தீவு. 1983-ல் அங்கே "வெள்ளை அன்னம்" ஓட்டல் திறந்தார்கள். பல காலம் தூதரகமும் பக்கத்திலேயே இருந்ததால், தம்பதிகள் கூட்டம் கூட்டமாக அங்கேதான் தங்கியது. கூடத்துக்குள்ளேயே ஓர் அருவி. எங்கே பார்த்தாலும் தள்ளுவண்டி, பால் புட்டி, அழுகைச் சத்தம்!

பிள்ளையை நாரைதான் கொண்டுவந்து போடும் என்பார்கள் மேல்நாட்டில். ஓட்டலுக்கு "வெள்ளை நாரை" என்றே பட்டப் பெயர் விழுந்தது. தங்கியவர்களுக்கு மேட்டல் கம்பெனியின் பொம்மை இனாம். பொன்னிற முடி பார்பி, கையில் சீனக் குழந்தை. பெயர் "வீடு திரும்பும் பார்பி"!

கையைத் தூக்கிச் சத்தியம்

பொம்மை சுலபமாகக் கிடைத்தது. விசா?

முதலில் டாக்டர் பரிசோதனை. பிறகு தத்துச் சான்று, சீன பாஸ்போர்ட். கடைசியாகத் தம்பதிகள் வலது கையைத் தூக்கி, "கொடுத்த விவரம் அத்தனையும் உண்மை" என்று அதிகாரி முன் சத்தியம் செய்ய வேண்டும்.

அதன் பிறகு பாஸ்போர்ட்டோடு, ஒட்டி மூடிய பழுப்பு உறை ஒன்றும் கைக்கு வரும். பிரிக்கவே கூடாது! அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரிதான் பிரிப்பார். முன்பே பிரிந்திருந்தால் வம்புதான்.

விமானத்தில் வேறு தொல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக் குழந்தை வீல் என்று கத்தும். பால் புட்டியை வாயில் வைத்தால், விழுங்க விழுங்க அடைப்பு விடும். இந்த உபாயம் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளைகள் பாடுதான் பரிதாபம். பழகிய ஆயாவும் இல்லை, அவள் பேசிய பாஷையும் இல்லை.

இறங்கியதும் பிரஜை

2001 பிப்ரவரி 27-ல் புதுச் சட்டம் அமலானது. சீனாவிலேயே தத்து முறைப்படி முடிந்த, 18 வயது நிரம்பாத பிள்ளை, குடியேற்ற அதிகாரியைத் தாண்டியதும் அமெரிக்கப் பிரஜை. தனி மனு வேண்டாம்.

அதற்கு முன்பெல்லாம் மனு போட வேண்டும். "பிள்ளைதான் வீட்டுக்கு வந்தாச்சே" என்று சில பெற்றோர் சும்மா இருந்துவிட்டார்கள். 2001-ல் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குப் புதுச் சட்டமும் கைகொடுக்கவில்லை. கொரியாவில் இருந்து குழந்தையாக வந்து அமெரிக்காவில் வளர்ந்து ஆளான சிலர், வழக்கில் மாட்டியதும் பாஷை தெரியாத கொரியாவுக்கே நாடு கடத்தப்பட்டார்கள்!

கதவு மூடியது

2005-ல் மட்டும் சீனாவில் இருந்து அமெரிக்கா போன பிள்ளைகள் சுமார் 7,900. அந்த ஆண்டுக் கடைசியிலேயே ஹூனான் மாகாணத்தில் குட்டு உடைந்தது. அனாதை இல்லங்களுக்குக் குழந்தைகளை விலைக்கு விற்ற கும்பல் சிக்கியது. தத்தெடுக்கும் தம்பதிகள் இல்லத்துக்கு 3,000 டாலர் நன்கொடை தர வேண்டியிருந்த காலம் அது. "நம்ம பிள்ளை நிஜமாகவே அனாதைதானா?" வளர்த்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது.

2020-ல் கொரோனா வந்தது. பயணம் நின்றது. 2024 செப்டம்பரில், ரத்த உறவினரும் மாற்றுத் தாய் தந்தையரும் தவிர வேறு வெளிநாட்டவருக்கு இனி தத்து இல்லை என்று சீன அரசு அறிவித்துவிட்டது.

"இதுதான் உங்கள் பிள்ளை" என்று போட்டோ காட்டப்பட்டு, நான்கு ஆண்டுக்கு மேல் காத்திருந்த தம்பதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தப் போட்டோவில் நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கிறார்கள்... சீனாவிலேயே!