ஞானஸ்நான வாசகம்: நானா, நாங்களா?

ஒரு சொல்லின் ஒருமை பன்மையைப் பற்றி ஒரு பெரிய மதஸ்தாபனம் தீர்ப்புக் கூறிற்று என்றால், அரசியல் விவகாரங்களிலே ஊறிய நமது வாசகர்களில் அநேகர் நகைக்கவுங்கூடும். 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ரோமாபுரியிலிருந்து வெளியான தீர்ப்பு அத்தகையதே. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே "நாங்கள் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்பது விடை. அவ்விதம் பெற்றவர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஒருபோதும் பெறாதவர்களாகவே அவர்களைப் பாவித்து, முதலிலிருந்து கொடுக்கவேண்டும் என்பது விடை. "நான்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "நாங்கள்" என்று சொன்னதற்காக இவ்வளவும்!

நகைக்குமுன் இதனால் நேர்ந்ததைச் சிறிது கவனிப்போம். அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்து மேற்றிராசனத்தில் 2017-ல் குருப்பட்டம் பெற்ற இளம் பாதிரியார் ஒருவர் இருந்தார். 1990-ல் அவர் சிசுவாயிருந்தபோது நடந்த ஞானஸ்நானச் சடங்கின் வீடியோப் படம் அவர் குடும்பத்தாரிடம் இருந்தது. அதிலே சடங்கை நடத்திய டீக்கன் "நாங்கள்" என்றே சொல்லியிருந்தார். மேற்படி தீர்ப்பு வெளியானதும் அந்தப் படமே சாட்சியாகிவிட்டது. ஞானஸ்நானம் இல்லாதவருக்குக் குருப்பட்டம் ஏது? குருப்பட்டம் இல்லாதவர் நிறைவேற்றிய பூசையும், கேட்ட பாவசங்கீர்த்தனமும் ஏது? மூன்று வருஷ காலம் பலிபீடத்தில் நின்றவர், கிறிஸ்தவரே அல்லர் என்றாயிற்று. அந்த ஆகஸ்டு மாதமே அவர் ஞானஸ்நானம் முதல் குருப்பட்டம் வரையில் சகலமும் புதிதாகப் பெற்றுக்கொண்டார். பின்னர் 2022-ல் அரிஜோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரத்தில் இன்னும் பெரியதொரு கலக்கம் உண்டாயிற்று. 1995-ல் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் ஒருவர் 2021-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி வரையில் கொடுத்த ஞானஸ்நானங்கள் யாவும் இதே காரணத்தால் செல்லாதவையாகக் கொள்ளப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பாதிரியார் தமது விசாரணைக்கோயிலை விட்டு விலகிக்கொண்டார்.

இவர்கள் "நாங்கள்" என்று ஏன் சொன்னார்கள்? துர்நோக்கம் ஒன்றுமில்லை. பெற்றோர், ஞானப் பெற்றோர், உறவினர், கூடியிருக்கும் சபையார் எல்லோரும் சேர்ந்து ஒரு குழந்தையை வரவேற்கிறார்கள் என்று காட்டவேண்டுமென்ற ஆசை. பாதிரியார் ஒருவரே முன்னால் நின்று "நான், நான்" என்பது அகங்காரமாகத் தோன்றியிருக்கலாம். ஜனநாயக காலத்திலே பன்மை விநயமாகவும் ஒருமை அதிகாரமாகவும் காதிலே படுவது இயல்பு.

ஆனால் ரோமச் சபையின் தத்துவம் இதற்கு நேர்மாறானது. பேதுரு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார், யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்று அகுஸ்தீன் முனிவர் டொனாத்து கட்சியாரோடு வாதாடிய காலத்தில் நிலைநாட்டிய கொள்கை அது. அதன்படி, "நான்" என்பது பாதிரியாருடைய "நான்" அன்று. அவர் வாயை இரவலாக வாங்கிப் பேசுபவருடைய "நான்". சபையார் தம்மையும் அதிலே சேர்த்துக்கொண்டால், கொடுப்பவர் மாறிவிடுகிறார். கூட்டத்தார் தங்கள் சொந்த அதிகாரத்தினால் செய்யும் காரியமாகிவிடுகிறது. ஆகையால் விநயம் எனக் கருதப்பட்ட பன்மையே அகங்காரம். அகங்காரமாய்த் தோன்றிய ஒருமையே விநயம். இந்த வாதத்தை ஏற்காதவர்களும், அதிலுள்ள ஒழுங்கை மறுப்பதற்கில்லை.

இவ்விடத்தில் நம் தமிழின் நுட்பம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லத்தீனிலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றுதான். நமக்கோ "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. முன்னிலையாரை உளப்படுத்துவது நாம், விலக்குவது நாங்கள். அமெரிக்கப் பாதிரியார் தமிழிலே சடங்கு நடத்தியிருந்தால், வாயைத் திறக்குமுன்னமே இலக்கணம் அவரைத் தடுத்திருக்கும். "நாங்கள்" என்றால், வரவேற்க வந்த சபையார் ஒரு பக்கமும் குழந்தை ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கவேண்டும். "நாம்" என்றாலோ குழந்தையும் அதில் அடங்கித் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளும் விபரீதம் நேரும். அல்லது பழைய ராஜசாஸனங்களில் அரசர் தம்மைத் தாமே "நாம்" என்று சொல்லிக்கொள்ளும் தோரணையாய் முடியும்.

வாசகத்திலே பிழை நேர்ந்தால் எப்போதும் ரோமாபுரி இவ்வளவு கடுமையாய் இருந்ததா என்றால், இல்லை. எட்டாம் நூற்றாண்டில் பவேரியா தேசத்தில் லத்தீன் பாஷை அறியாத குரு ஒருவர், "பாத்ரிஸ்" என்பதைப் "பாத்ரியா" என்றும் "பீலீ" என்பதைப் "பீலியா" என்றும் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவந்தார். பிதாவின் பெயராலும் சுதனின் பெயராலும் என்பதற்குப் பதில், தாய்நாட்டின் பெயராலும் மகளின் பெயராலும் என்பது போலாயிற்று. (தாய்நாட்டின் பெயரால் முழுக்காட்டிய அந்தக் குருவை நம் தேசபக்தர்கள் மன்னித்துவிடுவார்கள்!) ஜெர்மானியரிடையே உழைத்த போனிபாஸ் அத்தியக்ஷர், அவ்விதம் பெற்றவர்களுக்கு மீண்டும் கொடுக்கவேண்டும் என்றார். சக்கரியாஸ் போப்பாண்டவர் 746-ல் அதை மறுத்தெழுதினார். அறியாமையால் பாஷையைச் சிதைத்தானேயன்றி, அவன் வேறு விசுவாசத்தைப் புகுத்தவில்லை. ஆகையால் அது செல்லும் என்பது அவர் முடிவு. நாக்குத் தடுமாறியவனுக்கு மன்னிப்பு உண்டு, நல்லதென்று எண்ணி மாற்றியவனுக்கு இல்லை என்றாகிறது. கொடுத்தவரின் நோக்கத்தைப் பார்த்து நியாயம் வழங்குவது சரியே. ஆனால் முப்பது வருஷம் கழித்து அதன் பலனை அனுபவிக்க நேர்ந்தது வாங்கியவருக்கல்லவா? இந்த இடத்திலே நமக்கு மனம் முழுதும் சம்மதிக்கவில்லை.

"நான்" என்ற சொல்தான் உயிர்நிலை என்று எண்ணிவிடவுங்கூடாது. கீழ்த்திசைச் சபைகளில் அந்தச் சொல்லே கிடையாது. கிரேக்க முறைப்படி, தேவனுடைய ஊழியனாகிய இன்னான் ஞானஸ்நானம் பெறுகிறான் என்று செயப்பாட்டு வினையாகவே சொல்லுவார்கள். நமக்கு அண்டையில் மலையாள தேசத்துச் சிரியன் சபையாரின் வழக்கமும் அதைத் தழுவியது. 1439-ல் பிளாரென்ஸ் நகரத்து மகாசங்கம் கிரேக்கர் முறையும் செல்லும் என்றே ஒப்புக்கொண்டது. செய்பவன் மறைந்து நிற்கலாம். ஆனால் வேறொருவன் அவனிடத்திலே வந்து நிற்கலாகாது.

அதே சங்கத்தின் சாஸனத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. அவசர காலத்தில், குரு அகப்படாவிட்டால், சாதாரண ஜனங்களும், ஸ்திரீகளும், பதிதரும், கிறிஸ்தவர் அல்லாதாருங்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம். சபை செய்வதைச் செய்யவேண்டும் என்ற எண்ணமும், தண்ணீரும், முறையான வாசகமும் இருந்தால் போதும். இன்றைய ரோமச் சபைச் சட்டமும் அதுவே. பிரசவ அறையிலே உயிர் ஊசலாடும் சிசுவின் தலையில் ஹிந்து மருத்துவச்சி ஒருத்தி அந்த எண்ணத்தோடு நீரை வார்த்து அவ்வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும். பட்டம் பெற்ற பாதிரியார் தேவாலயத்திலே "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது. டெட்ராயிட் பாதிரியாரின் விஷயத்திலும் இந்த விதியே கைகொடுத்தது. அவர் நிறைவேற்றிய பூசைகள் செல்லாமற்போயின. ஆனால் அவர் சரியான வாசகத்தோடு கொடுத்த ஞானஸ்நானங்கள் நிலைத்தன. கொடுக்க அவர் குருவாக இருக்கவேண்டியதில்லை, கிறிஸ்தவராகவே இருக்கவேண்டியதில்லையே!

நாமத்தைப் பற்றிய வாதம் வேறு. மத்தேயு சுவிசேஷத்தின் முடிவில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மும்மை நாமம் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் இயேசுவின் நாமத்தினாலே என்று மட்டும் வருகிறது. இரண்டையும் பற்றிக்கொண்டு சண்டையிடும் கட்சிகள் இன்றும் உண்டு. "சிருஷ்டிகர், மீட்பர், பரிசுத்தமாக்குபவர்" என்று ஆண்பாற் சொற்களை நீக்கிச் சொல்லும் புதிய வாசகத்தை ரோமாபுரி 2008-ல் தள்ளிவிட்டது. இதற்குமேல் அதை விரிக்கவேண்டியதில்லை.

நம் தேசத்தோடு அதிகச் சம்பந்தமுடையது, அந்தச் சடங்கின் பெயரைப் பற்றிய வழக்கு. கிரேக்க மூலச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பது பொருள். ஆங்கிலேயர் அதை மொழிபெயர்க்காமல் கிரேக்க ஓசையையே வைத்துக்கொண்டார்கள். தெளிப்பவரும் அமிழ்த்துபவரும் ஒரே புஸ்தகத்தை வாசிக்க அது வசதியாயிற்று. வங்காளத்தில் உழைத்த பாப்டிஸ்ட் மிஷனரிகளோ, தங்கள் வங்காளி வேதத்தில் அமிழ்த்துதல் என்ற பொருளையே நேராக எழுதினார்கள். 1830-களில் லண்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த வேதாகம சங்கங்கள் அந்தப் பதிப்புக்குப் பணங்கொடுக்க மறுத்தன. அதனால் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிரிந்து தனிச்சங்கமே ஸ்தாபித்தார்கள். இங்கிலாந்திலும் 1840-ல் தனியாக ஒரு மொழிபெயர்ப்புச் சங்கம் பிறந்தது. வங்காளியரின் பாஷையில் எந்தச் சொல் வழங்கவேண்டும் என்பதை நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த நிர்வாக சபைகள் தீர்மானித்தன. வங்காளியரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழிலே இந்த வழக்கு இவ்வளவு முற்றவில்லை. காரணம், ஞானஸ்நானம் என்ற சொல்லின் சாமர்த்தியம். "ஸ்நானம்" எவ்வளவு தண்ணீர் என்று அது சொல்லுகிறதில்லை. "ஞானம்" என்று முன்னே வைத்ததனால், இது மகாமகக் குளத்து ஸ்நானமன்று என்று மட்டும் தெரிவிக்கிறது. தரங்கம்பாடிச் சபையாரும் ரோமச் சபையாரும் அதையே வழங்கினார்கள். இப்போது கத்தோலிக்கர் "திருமுழுக்கு" என்கிறார்கள். 1995-ல் வெளியான பொது மொழிபெயர்ப்பும் அதையே கையாளுகிறது. நல்ல தமிழ்தான். ஆனால் முழுக்கு என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் தலையிலே மும்முறை நீர் வார்ப்பவர்கள். உண்மையில் ஆற்றிலும் தொட்டியிலும் முழுக்காட்டும் பெந்தெகொஸ்தே சபையாரோ "முழுக்கு ஞானஸ்நானம்" என்று இரட்டித்துச் சொல்லி, மற்றதைத் "தெளிப்பு" என்று இகழுகிறார்கள்.

முழுக்கு என்ற சொல்லில் நம் ஜனங்கள் கேட்பது இன்னொன்றும் உண்டு. ஒருவனைத் தலைமுழுகிவிட்டோம் என்றால், அவனோடு உறவு அற்றது என்று பொருள். இழவு வீட்டிலிருந்து வந்தாலும் தலைமுழுக்குத்தான். ஞானஸ்நானம் பெறுபவன் கிறிஸ்துவோடு மரித்து அடக்கம்பண்ணப்பட்டு எழுந்திருக்கிறான் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். நம் கிராமத்திலே பந்துக்கள் அந்த மரணத்தை அப்படியே நம்பி, பெற்றவனைத் தலைமுழுகினார்கள். கிறிஸ்துவை ஒப்புக்கொண்டும் ஞானஸ்நானம் வேண்டாமென்று நின்ற ஹிந்துக்கள் சென்னையிலும் வங்காளத்திலும் சென்ற நூற்றாண்டில் இருந்தார்கள். அவர்கள் அஞ்சியது தண்ணீருக்கோ வாசகத்துக்கோ அன்று. அதன்பின் வரும் உறவறுதலுக்கு.

சர்க்காரும் அந்தத் தண்ணீரைக் கவனிக்கிறது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி ஆதிதிராவிடர் முதலிய பட்டியல் சாதியாரின் சலுகை ஹிந்துக்களுக்கென்று வகுக்கப்பட்டது; 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2024-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி புதுச்சேரி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டார், உத்தியோகத்துக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட பெண்ணுக்கு அதை மறுத்தார்கள். சிசுப் பருவத்திலே அவளுக்கு ஞானஸ்நானம் நடந்த பதிவும் அவளுக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றாக இருந்தது. 1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமக்கு முன்னர் ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களிடம் விசுவாசத்தைப் பற்றி விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் ஒன்றும் தெரியாதென்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறார். அவர்கள் தலைமேல் சொல்லப்பட்டது அவர்கள் பாஷை அன்று. தொட்டிற் குழந்தைக்கோ எந்தப் பாஷையும் ஒன்றுதான். வாசகம் சரியா என்று பாதிரிமார் பார்க்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கோர்ட்டார் பார்க்கிறார்கள்.