ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுது?



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற நம்ம திருமுக்கூடலில், மணலைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் போன நவரை அறுப்பு முடிந்ததும் எங்க மாமா டிராக்டர், வைக்கோல் லோடோடு ஆற்றோர மணலில் இறங்கிவிட்டது. மேற்கே வானம் கருத்துக்கொண்டு வருது. வைக்கோல் நனைந்தால் மாட்டுத் தீனி போச்சு! மாமா முறுக்க முறுக்க, வலது பின்சக்கரம் மட்டும் கிர்ரென்று சுற்றிக் குழி தோண்டியது. இடது சக்கரம் அசையவே இல்லை. இஞ்சின் ஒன்றுதானே, அப்புறம் ஏன் இப்படி?

காரணம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி. வண்டி ஒரு தெருமுனையில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்றால், செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்கு சுமார் 2.36 மீட்டர் கூடுதல் (கணக்குப் போட்டுப் பாருங்கள், பை வரும்!). மாட்டு வண்டியில் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுவதால் தொல்லை இல்லை. இஞ்சின் வண்டியில் அந்த வேக வித்தியாசத்தை அனுமதிப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை.

ஆனால் அது இரண்டு பக்கமும் சமமான திருப்புவிசையைத்தான் தரும். பலரும் நினைப்பது போல வழுக்குகிற சக்கரம் மொத்தத் திருப்புவிசையையும் திருடிக்கொள்வதில்லை. மணல் வலது சக்கரத்துக்குப் பிடிப்பே கொடுக்கவில்லை என்றால், அதைச் சுற்ற கொஞ்சம் விசை போதும். அதே கொஞ்ச விசைதான் கெட்டித் தரையில் நிற்கிற இடது சக்கரத்துக்கும் போகும். அது எப்படி லோடை இழுக்கும்?

மாமா ஆக்சிலேட்டரை விட்டார். சக்கரம் நின்றதும் காலடியில் இருந்த டிஃப் லாக் பெடலை மிதித்தார். இப்போது இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பூட்டின மாதிரி. மெதுவாகக் கிளப்ப, இடது சக்கரம் பிடித்து இழுத்தது, வண்டி மேலே ஏறிவிட்டது. (பாதி வைக்கோலை முதலில் நாங்கள் இறக்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும்.)

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளிலும் இதே தலைவலிதான். 1940-களின் கடைசியிலேயே மகிந்திரா நம் நாட்டில் கோர்க்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில், ஒரு லீவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மணலுக்கு அருமை! தார் ரோட்டில் அப்படியே திருப்பினால், முன் பின் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறுபடுவதால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், டயரும் தேயும். இன்னொரு குறை: ஒவ்வொரு அச்சிலும் டிஃபரன்ஷியல் திறந்தே இருப்பதால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் ஜீப்பும் நின்றுவிடும்.

அடுத்த தலைமுறையில் ஒரு டிராக்டர்காரர் வருகிறார்! மாஸி ஃபெர்குசன் டிராக்டர் தெரியும் அல்லவா, 1960 முதல் நம்ம தமிழ்நாட்டு டாஃபே கம்பெனி செய்வது? அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஹாரி ஃபெர்குசன் தொடங்கிய ஆராய்ச்சிக் கம்பெனியின் முறையோடுதான் 1966-ல் இங்கிலாந்தில் ஜென்சன் எஃப்.எஃப். கார் வந்தது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும், லீவர் வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல், அது வரம்பு மீறிச் சுழலாமல் ஒரு கட்டுப்பாடு. பிறகு வந்த வண்டிகளில் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சிலிக்கான் எண்ணெயில் முங்கிய தகடுகள் வந்தன. பாகை மெதுவாகக் கிளறினால் கரண்டி ஓடும், வேகமாகக் கிளறினால் எதிர்க்கும் அல்லவா? அதே தத்துவம். ஆனால் சக்கரம் கொஞ்சம் வழுக்கின பிறகுதான் எண்ணெய் விழித்துக்கொள்ளும்.

அப்புறம் சென்சார் வந்தது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கிற கருவி ஏற்கெனவே இருக்கிறதே! எந்தச் சக்கரம் தறிகெட்டுச் சுற்றுதோ அதை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கும். பிரேக் எதிர்ப்பதால் அந்தப் பக்கம் விசை ஏறும், அதே அளவு எதிர்ச் சக்கரத்துக்கும் போகும். நம்மைக் கவிழ்த்த அதே சமத்துவம் இப்போது நம் பக்கம்! 2020-ல் வந்த புது தார், 2023-ல் வந்த ஜிம்னி இரண்டிலும் இந்த வித்தை உண்டு. ரொம்ப நேரம் செய்தால் பிரேக் சூடாகிவிடும். அதனால் கடும் மணலில் நிஜமான லாக்தான் மேல் என்பது என் கட்சி.

2025-ல் வந்த டாட்டா ஹாரியர் மின்சாரக் காரில், நான்கு சக்கரமும் இழுக்கிற வகைக்கு முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார். நடுவே தண்டே கிடையாது. எந்த அச்சுக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் மாற்றிவிடும்.

இதை எழுதி மாமாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிடா, அந்தக் கம்ப்யூட்டரு வைக்கோல எறக்குமா?” என்றார்.