மொட்டை மாடிக்கு வெள்ளையா, செங்கல் சிவப்பா?

கீழ்பென்னாத்தூரில் எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃப் பெயின்ட் அடிக்கணும். கடையில் இரண்டு டப்பா காட்டினார்கள்: வெள்ளை, செங்கல் சிவப்பு.

"வெள்ளை ரெண்டே மாசத்துல அழுக்காயிடும்ப்பா. சிவப்பே அடி, தட்டு ஓடு போட்ட மாதிரி இருக்கும்" என்றார் அம்மா. ஆனால் அந்த மாடிக்கு நேர் கீழே, பத்துக்குப் பத்து அறையில் தூங்குவதும் அம்மாதான். மே மாசத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். அதனால் வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரி. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரம் சுவருக்கு வெயில் கிட்டத்தட்ட இல்லை, மொத்தமும் மாடிக்குத்தான். 

மேகமில்லாத உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். புது வெள்ளைப் பூச்சு அதில் 75 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாதாரண செங்கல் சிவப்பு 30-ஐத் தாண்டினாலே பெரிசு. அம்மா அறைக்கு மேலே உள்ள பரப்பு 9.3 சதுர மீட்டர். அப்போ வித்தியாசம் நாலு கிலோவாட்டுக்கு மேல், அதாவது நாலு இஸ்திரிப் பெட்டியை மாடியில் ஆன் பண்ணி வைத்த மாதிரி! அவ்வளவும் உள்ளே வராது. பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மிச்சம் கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி, சில மணி நேரம் கழித்து அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும். ராத்திரி அனல் இதுதான்.

அப்போ பளபளக்கிற ஜிங்க் ஷீட் வெள்ளையை விட நல்லதா? இல்லை. அதுவும் ஒளியைத் திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டைக் கதிர்வீச்சாக வெளியே விடுவதில் படு கஞ்சன். பெயின்ட், சுண்ணாம்பு, ஓடு எல்லாம் அந்த விஷயத்தில் தாராளம்.

கண்ணையும் முழுசா நம்பக் கூடாது. சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி நமக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் திருப்பும் நிறமி கலந்த சிவப்பு பெயின்ட் இருக்கிறது, விலை கூட. இதற்கு நேர்மாறாக, அமெரிக்க வீடுகளில் போடும் 'வெள்ளை' தார் ஷிங்கிள் பார்க்கத்தான் வெளுப்பு. சொரசொரப்பான பரப்பு என்பதால் 30 சதவீதம் திருப்பினாலே அதிகம்.

அழுக்கு விஷயத்தில் அம்மா சொன்னது சரி. தூசி படிந்தால் வெள்ளையின் திறன் முதல் வருஷத்திலேயே கணிசமாகக் குறையும். கழுவினால் பெரும்பாலும் திரும்பி வரும். கழுவாமலே விட்டாலும் அழுக்கு வெள்ளை, புதுச் சிவப்பை விட மேல். எனக்கு முடிவு இங்கேதான் கிடைத்தது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டு வந்தது. பெயின்டுக்குக் காசில்லை என்றால் சுண்ணாம்பு போதும், வருஷா வருஷம் அடிக்கணும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்போ வடாம் காயுமா?" என்றார்.

கொஞ்சம் லேட்டாகத்தான் காயும், தரை அவ்வளவு சுடாது இல்லையா. படிக்கட்டுக்கு மேலே இருக்கிற மூலைக்கு மட்டும் சிவப்பு வாங்கியிருக்கிறேன்.