கலவையில் பாறை, நரிமணத்தில் எண்ணெய்!

13 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி கிழிந்த கதை

ராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேலே சிறிது மண். அதன் கீழே நைந்த கல். அதற்கும் கீழே வெடி வைத்தாலொழிய அசையாத பாறை! பாறை வெடிப்பில் ஊற்று இருந்தால் தண்ணீர். இல்லாவிட்டால் போட்ட பணம் போனதுதான்.

அதே தமிழ்நாட்டில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பூமியைத் துளைத்தார்கள். பெட்ரோலிய எண்ணெய் கிடைத்தது! கலவைக்கு இல்லாத யோகம் நரிமணத்துக்கு எப்படி வந்தது?

ஒட்டிக் கிடந்த நிலம்

ஒரு காலத்தில் வங்காள விரிகுடாவே கிடையாது. நமது கிழக்குக் கரையும், இன்று பனி மூடிக் கிடக்கும் அண்டார்ட்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர்.

ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்தது. பச்சைத் தோலை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? நடுவே மெலியும், பிறகு கிழியும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமியின் மேலோடும் அப்படித்தான் மெலிந்தது; பட்டை பட்டையாகக் கீழே இறங்கியது. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தஞ்சாவூர்–தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம் என்று நிலநூல் அறிஞர்கள் குறிப்பிடுபவை அப்போது உண்டானவையே.

கலவையோ கிழியாத பக்கத்தில் நின்றுவிட்டது. அதன் அடியிலுள்ள பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் வெந்து இறுகிய அப்பாறையில் எண்ணெய் பிறக்க வழியில்லை.

கடல் வந்தது

கிழிந்த இடத்தில் கடல் புகுந்தது. இந்தியா மெல்ல வடக்கே நகர்ந்தது. அதன் வடக்கு முனை ஆசியாவோடு மோதி இமயமலையை எழுப்பிற்று. கிழக்குக் கரைக்கோ அத்தகைய மோதல் இல்லை. சூடு ஆற ஆற, அது ஓசையின்றித் தாழ்ந்துகொண்டே போயிற்று. இப்படிப்பட்ட கரைகளையே ‘அமைதியான கண்ட விளிம்பு’ என்கிறார்கள்.

தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் மண்ணைக் கொட்டின. கடல் சேற்றைப் படியவைத்தது. சில இடங்களில் இந்தப் படிவு 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனம் உடையது! அரியலூர் பக்கம் காரை கிராமத்தில் இன்றும் கடல் உயிர்களின் கல்லெச்சங்கள் கிடைக்கின்றன. ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம் என்ற நம் ஊர்ப் பெயர்களையே அந்தப் பாறை அடுக்குகளுக்கு இட்டிருக்கிறார்கள்.

எண்ணெய் எப்படி விளைகிறது?

சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும்தான் எண்ணெய்க்கு மூலப்பொருள். ஒரு கிலோமீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். 60 டிகிரிக்குக் குறைந்தால் எண்ணெய் விளையாது. 150 டிகிரியைத் தாண்டினால் வாயுவாகிவிடும். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறும் தோலைப் போல, இதற்கும் பக்குவமும் காலமும் வேண்டும்.

விளைந்தது தங்குவதற்கு நுண்துளை உள்ள மணற்பாறை வேண்டும். மேலே கசிந்து போகாதபடி களிமண் பாறை மூடி வேண்டும். ஒன்று குறைந்தாலும் செலவு வீண்தான்.

1964-இல் காவிரிப் படுகையில் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. நரிமணத்தில் எண்ணெய் கண்டதோ 1980-களில்! 1993-இல் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

ஒரே பள்ளம், இரு செல்வம்

இங்கேதான் சிக்கல் எழுகிறது. எண்ணெயைத் தந்த அதே தாழ்ந்த நிலத்தின் மேல்தான் காவிரி தன் வண்டலைப் பரப்பி நெற்களஞ்சியத்தை உண்டாக்கியது. கீழே இருப்பதை எடுக்கப்போனால் மேலே உள்ள வயலும் நிலத்தடி நீரும் கெட்டுவிடும் என்று உழவர்கள் அஞ்சினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் 2017-இல் பெரும் போராட்டம் மூண்டது. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிய எண்ணெய், எரிவாயு முயற்சிகளைச் சட்டத்தால் தடுத்தது. முன்பே இயங்கிவந்த கிணறுகளுக்கு அத்தடை இல்லை.

தோல் கழிவால் பாலாற்றுத் தண்ணீர் கெட்டதைக் கண்ட வேலூர், ஆம்பூர் மக்களுக்கு அந்த அச்சம் எளிதில் புரியும். எண்ணெய் விளையப் பல கோடி ஆண்டுகள் ஆயின. அதை எடுத்து எரிக்கச் சில பத்தாண்டுகள் போதும். வயலோ, மண்ணும் நீரும் கெடாத வரை, ஆண்டுதோறும் விளையும். துளை போடுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே!