பரிசோதனையில் தெரியாத வயிற்றுவலி

முன்னேஸ்வரத்தின் ஆவணி உற்சவத்துக்கு விரதமிருப்போரிடமும், அக்கரையோரத்து முஸ்லிம் கிராமங்களில் ரமழான் நோன்பு நோற்போரிடமும் பொதுவானதொரு முறைப்பாட்டைக் கேட்கலாம். "இரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, கமரா விட்டும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை" என்பதே அது. அந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை வீட்டார் 'நடிப்பு' என்று பொருள் கொள்கின்றனர். பிள்ளையாயின், பாடசாலைக்குப் போகாதிருக்க ஒரு சாட்டு என்பர்.

உண்மையில் அங்கே ஒன்று இருக்கின்றது. குடற்சுவரினுள் 100 மில்லியனுக்கும் அதிகமான நரம்புக் கலங்கள் வலைப்பின்னலாக அமைந்துள்ளன. குடல் விரிவதையும் அமிலத்தையும் உணர்வு நரம்புகள் ஓயாது மூளைக்கு அறிவித்த வண்ணமுள்ளன. சுகதேகியின் மூளை இவற்றிற் பெரும்பாலானவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சிலரிலோ இந்நரம்புகள் மிகைக் கூருணர்ச்சி பெற்றுவிடுகின்றன. 1973இல் பிரித்தானிய வைத்தியர் ரிச்சி, நோயாளரின் பெருங்குடலில் சிறு பலூனை ஊதிப் பார்த்தபோது, ஏனையோருக்கு வலி தராத அளவு காற்றே அவர்களுள் பலருக்கு வலியைத் தந்தது. பேசுபவரின் குரல் அதேதான். ஒலிபெருக்கியின் விசைதான் கூட்டப்பட்டுள்ளது. நாள் முழுவதும் வெறுமையாயிருந்த வயிற்றை ஒரே அமர்வில் நிரப்பும்போது இத்தகையோர் துடிப்பதில் வியப்பில்லை.

விசை கூடுவது எவ்வாறு? கடும் வயிற்றோட்டத்துக்குப் பின்னர் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இத்தொல்லை நீடிக்கின்றது. கிருமி அகன்ற பின்னரும் குடற்சுவரின் எதிர்ப்புக் கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைச் சுரந்து நரம்பு முனைகளைச் சீண்டுகின்றன. மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியும் இதே நரம்புகளில் உண்டு. (அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) ஆகவே காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமை வெறும் மனப்பிரமையன்று.

சிலாபத்திலிருந்து கொழும்பு செல்லும் ரயில் பாதையிலேயே ராகம உள்ளது. அங்குள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நிரங்கா தேவநாராயண, ஷமன் ராஜிந்திரஜித் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 வயது வரையான 2,163 மாணவரில் 12.5 வீதமானோருக்கு இவ்வகை வயிற்றுவலி இருந்தமை தெரியவந்தது. எட்டுப் பேரில் ஒருவர்! மனஅழுத்தம் தரும் நிகழ்வுகளைச் சந்தித்த பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. இதை வைத்து 'எல்லாம் மனதில்தான்' என்போருக்கு நாம் கூறுவது, மூளையிலிருந்தும் குடலுக்கு நரம்புகள் இறங்குகின்றன என்பதையே. அச்சம் அவ்வழியே சென்று வலியைக் கூட்டுகின்றது. வலி மெய்யான வலியே.

எல்லா வயிற்றுவலியும் இவ்வகையினதன்று. மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, காய்ச்சல், நித்திரையைக் குலைக்கும் வலி, ஐம்பதைக் கடந்த பின் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றில் எதுவாயினும் தாமதிக்காது வைத்தியரை நாடவேண்டும்.

சிகிச்சையிலும் ஒரு தடை உண்டு. நரம்பின் வேகத்தைத் தணிக்க, எமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுப்பர். இது பயன் தருகின்றது என்பதை 2023இல் பிரித்தானியாவில் வெளியான பெரிய பரிசோதனையொன்று காட்டியது. ஆனால் "இது பைத்தியத்துக்குக் கொடுக்கும் குளிசையல்லவா?" என்று அயலவர் ஒருவர் சொல்லிவிட்டால், அன்றோடு மருந்து குப்பைக்குப் போய்விடும். குளிசையை எழுதும்போதே அது நரம்புக்குத்தான் என்று வைத்தியர் இரண்டு நிமிடம் செலவிட்டு விளக்கினால் அப்படி நேராது.