குள்ளர்கள் குடியிருந்த வீடா?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், தூண்பாறையைப் பார்ப்பார்கள், குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிடுவார்கள். பிறகு பஸ் ஏறிவிடுவார்கள்.

மலைப் பாதையில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால், செண்பகனூர் இருக்கிறது. அங்குள்ள காட்சிச்சாலையையும் பார்க்க வேண்டும். குழந்தைகளை அவசியம் அழைத்துப் போக வேண்டும்.

இங்குள்ள திரு இருதயக் கல்லூரியை ஏசு சபைப் பாதிரியார்கள் 1895-ம் ஆண்டில் நிறுவினார்கள். பறவைகள், பாம்புகள், வண்ணத்துப்பூச்சிகள் முதலியவற்றைப் பதப்படுத்திச் சேர்த்து வைத்தார்கள். மலையில் கிடைத்த பழங்காலப் பொருள்களும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

குள்ளர் குகை

பழனி மலையில் பேத்துப்பாறை, தாண்டிக்குடி போன்ற ஊர்களின் பக்கம் விசித்திரமான கல் அறைகள் உள்ளன. பெரிய கற்பலகைகளைச் சுவர்போல நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. உயரமோ குறைவு. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது.

"குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு இது" என்று ஜனங்கள் நினைத்தார்கள். "குள்ளர் குகை" என்ற பெயரும் வந்தது.

உண்மை என்ன?

ஆங்க்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் மலையெங்கும் தேடிப் போனார்கள். கற்களை அளந்தார்கள், மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய நூலை 1928-ம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் துறை வெளியிட்டது.

அவை வீடுகள் அல்ல. செத்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள்! "கல்திட்டை" என்று பெயர். அதனால்தான் உயரம் இல்லை. கட்டியவர்களும் குள்ளர்கள் அல்ல. மண்பாண்டமும் இரும்பும் அறிந்த, நம்மைப் போன்ற மனிதர்களே!

கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரியார்கள் பங்களா கட்டியது 1845-ல். அன்றுதான் இந்த மலைக்கு மனிதர் வந்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். இறந்த பெரியோருக்கு மரியாதை செய்தார்கள். அதற்குச் சாட்சி இந்தக் கற்கள்.

காவல் யார்?

புதையல் ஆசையில் கல்திட்டைகளைக் கலைத்தவர்கள் உண்டு. வீடு கட்டக் கல்லைப் பெயர்த்தவர்களும் உண்டு. கல் போனால் சாட்சியும் போய்விடும்.

மலைக்குப் போகிறவர்கள் இந்தக் கற்களில் பெயர் எழுதக் கூடாது. மேலே ஏறி நிற்கக் கூடாது. பழம்பொருளுக்குக் காட்சிச்சாலை காவல். மலைமீது நிற்கும் கல்லுக்கு நாம்தான் காவல்!