துயரம் வேறு, நோய் வேறு

மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்தினார்கள் நபி யஃகூப் (அலை) அவர்கள். இதனைத் திருமறையின் யூசுஃப் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அருமைத் துணைவியார் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும், பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்த ஆண்டு, நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றில் ‘துக்க ஆண்டு’ என்றே பெயர் பெற்றது. இவர்களுடைய ஈமானில் குறை காண எவரேனும் துணிவரோ?

ஆனால், நம் இல்லத்தில் ஒருவர் மனமொடிந்து ஒடுங்கிக் கிடந்தால், “தொழுகையில் பேணுதல் இல்லை, அதனால்தான் இப்படி” என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இல்லையெனில், கண்ணேறு என்றும், ஜின்னின் வேலை என்றும் கூறித் தாயத்துக் கட்டுவதோடு நின்றுவிடுகிறோம். நோயாளியோ, தன் வேதனையோடு பாவி என்ற பழியையும் சேர்த்துச் சுமக்கிறார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதனைத் தெளிவாக ஆராய்ந்துள்ளனர். கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் உடல்நலத்தோடு உள நலத்தையும் இணைத்து விளக்கினார். துயரத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு போன்ற காரணம் தெரிந்த துயரம். மற்றொன்று, காரணம் புலப்படாமல் கவிந்துகொள்ளும் துயரம். முன்னதற்கு ஆறுதல் மொழியும் நற்சிந்தனையும் மருந்து. பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு மருத்துவமும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

அங்ஙனமாயின், மருத்துவரை நாட வேண்டிய நிலை எது? மனம் இருண்டிருப்பதோ, எதிலும் நாட்டமற்றுப் போவதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தல், உறக்கமும் உணவும் மிகக் குறைதல் அல்லது மிகுதல், காரணமற்ற களைப்பு, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், அன்றாட வேலையைச் செய்ய இயலாமை. இவற்றுள் பல சேர்ந்து காணப்படுமாயின் தாமதித்தல் ஆகாது. சிலருக்கு இது தீராத தலைவலியாகவும் உடல்வலியாகவும் வெளிப்படும். பிள்ளை பெற்ற தாய்மாரிடம் தோன்றும் இந்நிலையை ‘பச்சை உடம்புக்காரியின் பிடிவாதம்’ என்று ஒதுக்குவது பெரும் பிழை.

“நான் இருந்து என்ன பயன்?” என்று ஒருவர் சொன்னால், அக்கணமே உதவி தேட வேண்டும். அவரைத் தனியே விடலாகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று கனிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலை ஹராம் என்பதை அவரும் அறிவார். வெள்ளத்தில் தத்தளிப்பவருக்குச் சட்டம் ஓதுவதைவிடக் கை நீட்டுவதே முதற் கடமையன்றோ! அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நலமானதும் தாமாக நிறுத்திவிடுதல் கூடாது. ரமலானில் மருந்துண்ணும் நேரத்தையும், நோன்பு நோற்கலாமா என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையைப் பயன்படுத்துவது குற்றமன்று.

துஆவை விட்டுவிடச் சொல்லவில்லை. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய நாயகம் (ஸல்) அவர்களே, நோய்க்கு மருந்து தேடுமாறும் பணித்தார்கள். துயருற்றோர்க்கு வாற்கோதுமை மாவில் ஆக்கிய ‘தல்பீனா’க் கஞ்சியை ஊட்டுமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவார்கள். இறைவனிடம் இறைஞ்சுதலும் மருந்துண்ணுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இதனை மறந்ததன் விலையை நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையாயினர். தீப்பற்றியபோது அவர்களால் எழுந்து ஓடவும் இயலவில்லை.

மஹல்லாவின் பெரியோர்களே, இமாம்களே! உங்களிடம் ஓதிப்பார்க்க அழைத்து வரப்படுவோருக்கு ஓதுங்கள்; பின்னர், “மருத்துவரிடமும் காட்டினீர்களா?” என்று தவறாமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, அல்லாஹ்வின் நாட்டத்தால், ஓர் உயிரைக் காக்கலாம்.